தளர்ந்த மார்பகம்: தூக்கித் தைப்பதா, பை வைப்பதா?



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் பெண்கள் தங்களுக்குள்கூடத் தாழ்ந்த குரலில் பேசுவது. பிள்ளை பெற்று, பால் கொடுத்து முடித்த பிறகு மார்பகம் தளர்ந்து தொங்கிவிடுகிறது. அதை அறுவைச் சிகிச்சையால் சரிசெய்யலாம் என்று இப்போது கைப்பேசியில் தினமும் விளம்பரம் வருகிறது. தூக்கித் தைத்தால் மட்டும் போதுமா, உள்ளே சிலிக்கோன் பையும் வைக்க வேண்டுமா என்பதுதான் நாம் இன்று பார்க்கப் போகும் கேள்வி. வீட்டில் ஆண்கள் இருந்தால் அவர்களும் உட்கார்ந்து கேட்கட்டும். மனைவியின் உடம்பும் குடும்பத்தின் பணமும் சம்பந்தப்பட்ட காரியம் இது.

"மூணு புள்ள பெத்தவளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கிற மாமியார்கள் நம் தோட்டங்களில் உண்டு. பணக்காரர்களுக்குத்தான் அழகு, பாட்டாளிக்கு எதற்கு என்று நினைப்பவர்களும் உண்டு. இந்த வாதம் தமிழ்நாட்டில் வெளிப்படையாகவே நடந்தது. 2018ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், சென்னையிலுள்ள அரசாங்க ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், மார்பக அறுவைச் சிகிச்சையை ஏழைப் பெண்களுக்கு இலவசமாகச் செய்யும் ஏற்பாடு தொடங்கியது. புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவர்களுக்குச் செய்து வந்ததை மற்றப் பெண்களுக்கும் விரிவாக்கினார்கள். அப்போது சுகாதார அமைச்சராக இருந்த சி. விஜயபாஸ்கர், ஏழைகளுக்கு மட்டும் இது ஏன் கிடைக்கக் கூடாது, இங்கே கிடைக்காவிட்டால் அவர்கள் கடன் வாங்குவார்கள் அல்லது ஆபத்தான வழிகளுக்குப் போவார்கள் என்று வாதாடினார். உயிர் காக்கும் வைத்தியத்துக்குப் போக வேண்டிய பணம் இதற்குப் போகலாமா என்று எதிர்த்தவர்களும் இருந்தார்கள்.

அந்த வாதத்தில் யார் பக்கம் நியாயம் என்பதை நேயர்களே முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் கடன், ஆபத்தான வழி என்று அமைச்சர் சொன்ன இரண்டும் நம் கேமரன் மலைக்கும் பொருந்தும். ஆகவே ஆசைப்படுவது தவறா என்ற பேச்சை விட்டுவிட்டு, விவரம் தெரிந்து முடிவு செய்வது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் மார்பகம் ஏன் தளர்கிறது? மார்பகத்துக்குள் பால் சுரப்பிகளும் கொழுப்பும், அவற்றைத் தோலோடு பிடித்து நிறுத்தும் மெல்லிய நார்களும் இருக்கின்றன. மார்பகத்துக்கென்று தனியாகத் தசை கிடையாது. கருவுற்ற காலத்தில் சுரப்பிகள் பெருத்துத் தோல் விரிகிறது. பிள்ளை பால் மறந்ததும் சுரப்பிகள் சுருங்குகின்றன. விரிந்த தோலும் நார்களும் பழையபடி சுருங்குவதில்லை. அதனால்தான் எண்ணெய் தேய்ப்பதாலோ, களிம்பு பூசுவதாலோ, உடற்பயிற்சியாலோ தொங்கிய மார்பகம் மேலேறுவதில்லை.

தாய்ப்பால் கொடுத்தால் மார்பகம் தொங்கும் என்று பயந்து, பிறந்த பிள்ளைக்குப் புட்டிப்பால் கொடுக்கும் இளம் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழக மருத்துவர்கள் இதை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டு முடிவை அறிவித்தார்கள். வயது, உடல் பருமன், எத்தனை முறை கருவுற்றார், புகைபிடித்தவரா என்பவைதான் மார்பகம் தொங்குவதோடு தொடர்புடையனவாக இருந்தன. பால் கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் வித்தியாசம் காணப்படவில்லை. ஆகவே ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாய்மார்கள், இந்தப் பயத்தால் மட்டும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். தூக்கித் தைப்பது என்றால், அதிகப்படியான தோலை வெட்டி எடுத்து, உள்ளே இருக்கும் சதையைச் சேர்த்து வடிவாக்கி, காம்பை மேலே நகர்த்தித் தைப்பது. இதில் புதிதாக எதுவும் உள்ளே வைக்கப்படுவதில்லை. இருக்கும் சதைதான் இடம் மாறுகிறது. பை வைப்பது வேறு காரியம். சிலிக்கோன் உறைக்குள் சிலிக்கோன் கூழோ உப்புநீரோ நிரப்பிய பையை மார்பகத்துக்கு அடியில் வைத்து அளவைப் பெரிதாக்குவார்கள். சுருங்கச் சொன்னால், தூக்குவது இடத்தைத் திருத்துகிறது. பை அளவைக் கூட்டுகிறது.

எது தேவை என்பதை வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். கண்ணாடி முன்னால் உள்பாடி இல்லாமல் நிமிர்ந்து நில்லுங்கள். மார்பகத்தின் அடியில் உடம்போடு சேரும் மடிப்பைப் பாருங்கள். காம்பு அந்த மடிப்புக்கு மேலே இருந்தால் தளர்ச்சி குறைவு; கீழே இறங்கியிருந்தால் உண்மையான தொங்கல். பிறகு அளவான உள்பாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு பாருங்கள். உள்பாடி நிறைந்து, அந்த அளவே உங்களுக்குத் திருப்தி தந்தால், சதை குறையவில்லை, இறங்கி மட்டும் இருக்கிறது. அத்தகையவருக்குத் தூக்கித் தைப்பதே பெரும்பாலும் போதும். உள்பாடியின் மேல்பகுதி வெறுமையாகச் சுருங்கி நின்றால், சதையே வற்றிவிட்டது. அப்போதுதான் பையைப் பற்றிய பேச்சு எழுகிறது. காம்பு மடிப்புக்குக் கீழே இறங்கியவருக்குப் பை மட்டும் வைத்தால், அந்தப் பாரத்தோடு சேர்ந்து இன்னும் தொங்கும். இதையெல்லாம் டாக்டர் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். ஆனாலும் தெரிந்துகொண்டு போகிறவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

சிலருக்குக் குறையே வேறு. மார்பகம் மிகவும் கனத்து, தோள்பட்டையும் முதுகும் வலிக்கும். முதுகில் கூடை சுமந்தவர்களுக்கும், நாள் முழுவதும் குனிந்து கத்திரியால் கொழுந்து வெட்டுகிறவர்களுக்கும் இந்த வலி இரட்டிப்பாகும். அவர்களுக்கு வேண்டியது பாரத்தைக் குறைக்கும் அறுவை. அது அழகுக்காக மட்டும் செய்வதல்ல. வலியை மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இரண்டு வழிகளிலும் உள்ள சங்கடங்களையும் சொல்லிவிடுகிறோம். தூக்கித் தைத்தால் தழும்பு நிற்கும். காம்பைச் சுற்றியும், அதிலிருந்து கீழ்நோக்கியும், சிலருக்கு அடிமடிப்பு நெடுகிலும் தழும்பு இருக்கும். நாளாக ஆக மங்கும், மறையாது. நம்மவர்களில் சிலருக்குக் காயம் ஆறிய இடம் தடித்து மேடாகும். காது குத்திய இடமோ பழைய காயமோ அப்படித் தடித்திருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் காட்ட வேண்டும். காம்பில் உணர்ச்சி குறையலாம். பிறகு பிள்ளை பிறந்தால் பால் கொடுப்பது கடினமாகலாம். வயதும் உடல் எடையும் மாறும்போது மார்பகம் மறுபடியும் தளரும்.

பை வைத்தால் இவற்றோடு வேறு பொறுப்புகளும் சேரும். பை ஆயுள் முழுவதும் இருக்கும் பொருளல்ல. ஆண்டுகள் ஆக ஆகத் தொல்லை வரும் வாய்ப்பு கூடுகிறது. பையைச் சுற்றி உடம்பு கட்டும் திசு இறுகி, மார்பகம் கல்லாகி வலிக்கலாம். பை கிழியலாம், சிலிக்கோன் கூழ் கிழிந்தால் வெளியே தெரியாமலும் இருக்கலாம். அதனால் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், சிலிக்கோன் பை வைத்தவர்கள் 5 அல்லது 6 ஆண்டுகளில் முதல் பரிசோதனையும், பிறகு 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒரு முறையும் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறது. 2021இல் கடுமையான எச்சரிக்கையைப் பையின் விவரத்தாளிலேயே அச்சிடச் சொன்னது. சொரசொரப்பான மேலுறை கொண்ட பைகளோடு அபூர்வமான ஒரு வகைப் புற்றுநோய் தொடர்புபட்டதால், 2019இல் ஒரு பெரிய நிறுவனம் அத்தகைய பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. அதற்கு முன்னால், 2010இல், பிரான்சின் பிப் என்ற நிறுவனம் தொழிற்சாலைக்கான மலிவான சிலிக்கோனை நிரப்பி விற்றது அம்பலமானது. அதன் தலைவர் 2013இல் தண்டிக்கப்பட்டார்.

இரண்டையும் ஒன்றாகச் செய்வதில் ஒரு முரண்பாடும் உண்டு. தூக்கித் தைப்பது தோலை இறுக்குகிறது. பை அதே தோலை விரிக்கிறது. அதனால் மறுபடியும் கத்தி வைக்க வேண்டிய வாய்ப்பு கூடுகிறது. முதலில் தூக்கித் தைத்து, காயம் ஆறிய பிறகு, தேவை என்றால் மட்டும் பை வைக்கும் டாக்டர்களும் இருக்கிறார்கள். இரண்டு கட்டமாகச் செய்ய முடியுமா என்று கேட்பது உங்கள் உரிமை.

இப்போது நம் மலையில் வாழும் ஒரு தாயை நினைத்துப் பார்ப்போம். வயது முப்பத்தெட்டு, மூன்று பிள்ளைகள். நோய்க்காக அல்லாமல் அழகுக்காகச் செய்யும் அறுவைக்குப் பெரும்பாலும் தனியார் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், கைக்காசுதான் செலவாகும். அறுவை முடிந்து நான்கிலிருந்து ஆறு வாரம் வரை பாரம் தூக்கக் கூடாது. கூடையும் கத்திரியும் தொட முடியாது. அந்த நாள்களுக்குச் சம்பளம் உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். தையல் பார்க்கவும், காய்ச்சல் வந்தால் காட்டவும், தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ மலை இறங்க வேண்டும். பை வைத்தவரானால் இந்தப் பயணமும் ஸ்கேன் செலவும் பல ஆண்டுகள் தொடரும். பை கிழிந்தால் மறு அறுவைக்கும் பணம் வேண்டும். அளவு திருப்தியாக இருந்தும், விளம்பரத்தைப் பார்த்துப் பையும் வைத்துக்கொள்ளும் தாய், தேவையில்லாத ஒரு தவணையை ஆயுளுக்கும் ஏற்றுக்கொள்கிறார். சதை உண்மையில் வற்றி, மனம் நொந்து, செலவையும் தொடர்ந்து தாங்க முடிந்தவர் பையைத் தேர்ந்தெடுத்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவதாக ஒரு வழியைச் சிலர் காட்டுவார்கள். பட்டணத்து அழகு நிலையத்தில் ஒரே ஊசியில் மார்பகத்தை நிமிர்த்தித் தருவதாகச் சொல்வார்கள். சில நூறு வெள்ளிதான் என்பார்கள். தாய்மார்களே, அந்தப் பக்கம் போகாதீர்கள். 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் முதல் சிலிக்கோன் பை ஒரு பெண்ணுக்கு வைக்கப்படுவதற்கு முன்னால், திரவ சிலிக்கோனை நேராக மார்பகத்தில் ஊசியால் ஏற்றி வந்தார்கள். மார்பகம் கட்டி கட்டியாக இறுகிப் புண்ணாகி, அதையே அகற்ற வேண்டிய நிலைக்குப் பல பெண்கள் ஆளானார்கள். கிழிந்த பையை எடுத்துவிடலாம். சதையெங்கும் பரவிய திரவத்தை முழுவதும் எடுக்க முடியாது. நம் நாட்டில் மருத்துவ மன்றத்தில் பதிவுபெற்ற டாக்டர்தான் இந்த வேலையைச் செய்யலாம். அவர் நிபுணர்தானா என்பதைத் தேசிய நிபுணர் பதிவேட்டில் பார்க்கலாம். வைக்கும் பை 2012ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டப்படி பதிவானதா என்று கேட்டு, அதன் பெயரும் எண்ணும் உள்ள அட்டையைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த வழியானாலும் சில ஒழுங்குகள் உண்டு. இன்னும் பிள்ளை வேண்டும் என்றால் பொறுத்திருங்கள். பால் நிறுத்திச் சில மாதமாவது போகட்டும். எடை நிலைப்படட்டும். இனிப்புநீர் இருந்தால் கட்டுக்குள் வரட்டும். புகையிலை காயத்தை ஆறவிடாது. வெற்றிலையோடு போடும் புகையிலையும் அப்படித்தான். அறுவைக்கு முன்னால் மார்பகத்தில் கட்டி உண்டா என்று பரிசோதிக்க வேண்டும். பை வைத்தவர்கள் பின்னாளில் மார்பக எக்ஸ்ரே எடுக்கும்போது பை இருப்பதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

தளர்ந்த மார்பகம் நோயல்ல. அளவான உள்பாடி ஒன்றே பலருக்குப் போதுமான துணை. ஆனால் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வடிவம் மாறினாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பு உள்ளே இழுத்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, அது தளர்ச்சி அல்ல. வெட்கப்பட்டு ஒரு வாரம்கூடத் தள்ளாமல், தானா ராத்தாவிலுள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்கோ பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கோ போங்கள். பெண் டாக்டரோ தாதியோ வேண்டும் என்று கேட்கலாம்.

கண்ணாடி முன்னால் நின்று பார்த்ததையும், வீட்டுக் கணக்கில் பார்த்ததையும் சேர்த்து வைத்துக்கொண்டு, கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள். உடம்பு அவளுடையது, கடைசி வார்த்தையும் அவளுடையதாக இருக்கட்டும்.