கடைசி வருடத்தில் நிறுத்திவிடாதீர்கள்

(கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)

அன்பான பெற்றோர்களே!

சென்னையின் கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணிக்குத் தலைமை ஏற்றார். குழந்தை பிறந்த பிறகும் களத்துக்குத் திரும்பினார். 2017இல் பெங்களூரில் ஆசியக் கோப்பை ‘பி’ பிரிவை வென்ற அணியில் ஆடினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். தலையை மறைத்து ஆட இருந்த தடையை உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம் நீக்கியதும் அதே 2017இல்தான்.

ஸப்ர் என்பது கடைசிவரை முயற்சியை விடாதிருப்பது. ஒரகடம் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், நல்ல சம்பந்தம் வந்திருக்கிறது என்று கடைசி வருடத்தில் மகளின் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். கட்டணம்தான் சிரமம் என்றால் தயங்காமல் நம்மிடம் சொல்லுங்கள். சேர்ந்து வழி பார்ப்போம்.

நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.