பிறவியிலேயே கண் நோய்: மரபணுப் பரிசோதனை செய்யலாமா?

(நமது அறக்கட்டளையின் பெற்றோர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் சிலர் சமீப காலமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "பிள்ளைக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகிவிட்டது பாய். இப்போது ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா, வேண்டாமா? மார்க்கத்தில் கூடுமா?"

நான் டாக்டரும் அல்ல, முஃப்தியும் அல்ல. கண் மருத்துவர்களிடமும் ஆலிம்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். பல கண் நோய்களில் இந்தக் கேள்வி வரும். விளங்குவதற்காக ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்: பிறவிக் கண் நீர் அழுத்த நோய். டாக்டர்கள் குளுக்கோமா என்பார்கள்.

பிள்ளைக்குக் கண் பெரிதாக இருந்தால் நம் வீடுகளில் "மாஷா அல்லாஹ், எவ்வளவு பெரிய கண்" என்று மகிழ்வோம். பெரும்பாலும் அது வெறும் அழகுதான். ஆனால் கண்ணும் பெரிதாகி, கூடவே எப்போதும் தண்ணீர் வடிந்து, வெளிச்சம் பட்டால் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு, கருவிழி மங்கலாகத் தெரிந்தால் அது அழகல்ல. கண்ணுக்குள் அழுத்தம் கூடிக் கண் விரிகிறது. அழுத்தம் நீடித்தால் பார்வை நரம்பு கெடும், கெட்டது திரும்பாது. எனவே முதல் வேலை கண் டாக்டரிடம் ஓடுவது. இதற்கு ஆபரேஷன்தான் பிரதான வைத்தியம். ஜீன் டெஸ்ட் ரிசல்ட் வர வாரக்கணக்கில் ஆகும். அதற்காக வைத்தியத்தை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

வைத்தியம் நடந்த பிறகுதான் டெஸ்ட் பற்றிய பேச்சு. இந்த நோய்க்குக் காரணமான முக்கியமான ஜீனை 1997இல் கண்டுபிடித்தார்கள். இந்த ஜீன் நமக்கு இரண்டு பிரதிகளாக இருக்கிறது. வாப்பாவிடமிருந்து ஒன்று, உம்மாவிடமிருந்து ஒன்று. இரண்டும் பழுதாக இருந்தால்தான் இந்த வகை நோய் வரும். ஒன்று மட்டும் பழுதானவருக்குக் கண் நன்றாகவே இருக்கும், தன்னிடம் அது இருப்பதே அவருக்குத் தெரியாது. அவரைக் கேரியர் என்கிறார்கள். கணவன், மனைவி இருவரும் கேரியராக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள பிள்ளை பிறக்க 4இல் 1 வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது என்று கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு முறையும் அதே 4இல் 1தான்.

தாய்மார்களே, மாமியார்மார்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். இந்த வகையில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வந்திருக்கிறது. "உன் வீட்டு வழியில் வந்தது" என்று மருமகளைப் பேசுவது பொய்யான பழி. கிரகணம் பார்த்ததால், கண்ணேறு பட்டதால் வந்தது என்பதும் அப்படியே.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால்தானே என்று கேட்பார்கள். சாச்சா மகளையும் மாமா மகளையும் நிக்காஹ் செய்வது ஹலால். சொந்தத்தில் ஒரே பாட்டனார் வழியாக ஒரே பழுது இரண்டு பக்கமும் வந்து சேர வாய்ப்பு கூடுகிறது என்பதும் உண்மை. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு நகரில் நடந்த பெரிய ஆய்வு 2013இல் வெளிவந்தது. பிறவிக் குறைபாடு பொதுவாக 100க்கு 3 என்றால், முதல் நிலைச் சொந்தத்தில் மணந்தவர்களின் பிள்ளைகளில் 100க்கு 6 என்று அது காட்டியது. இரு மடங்கு என்பது சின்ன விஷயமல்ல. ஆனாலும் 94 பிள்ளைகள் நன்றாகவே பிறக்கிறார்கள். பயந்து நடுங்கவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம்.

இனி, டெஸ்ட் எடுக்கலாமா? "ரிசல்ட் கையில் வந்தால் நாம் என்ன செய்யப் போகிறோம்?" என்பதை முதலில் கணவன் மனைவி உட்கார்ந்து பேசுங்கள். அதற்குப் பதில் இருந்தால் எடுங்கள்.

சில நோய்களில் பதில் தெளிவாக இருக்கிறது. விழித்திரையில் வரும் குழந்தைப் புற்றுநோயில் கண்மணி போட்டோவில் வெள்ளையாகத் தெரியும். பிள்ளையிடம் ஜீன் பழுது இன்னதென்று கண்டறிந்துவிட்டால் தம்பி தங்கைகளுக்கும் பார்க்கலாம். அது இல்லாத பிள்ளை, மயக்க மருந்து கொடுத்துத் திரும்பத் திரும்பச் செய்யும் கண் சோதனையிலிருந்து தப்பிக்கும். பிறவியிலேயே விழித்திரை வேலை செய்யாத ஒரு நோய் உண்டு. அதில் ஒரு குறிப்பிட்ட ஜீன் பழுதுக்கு மட்டும் 2017இல் அமெரிக்காவில் ஜீன் சிகிச்சை அனுமதி பெற்றது. எந்த ஜீன் என்று தெரியாமல் அந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசவே முடியாது.

நீர் அழுத்த நோயில், அடுத்த பிள்ளை பிறந்த உடனே கண்ணைச் சோதிக்க வேண்டும். இதற்கு டெஸ்ட் எடுக்கத் தேவையில்லை, எடுக்காதவர்களும் செய்தே ஆகவேண்டும். டெஸ்ட் அதிகம் உதவுவது குடும்பத்தில் வரப்போகும் சம்பந்தங்களில். நோயுள்ள பிள்ளையின் மாமாவுக்குச் சொந்தத்தில் பெண் பேசுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளை கேரியராக இருந்து, பெண் கேரியர் இல்லை என்று தெரிந்தால், அவர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பழுதால் நோய் வரும் பயம் ஏறக்குறைய நீங்கிவிடும். சவூதி அரேபியாவில் 2004 முதல் தலசீமியா போன்ற ரத்த நோய்களுக்கு நிக்காஹ்வுக்கு முன் பரிசோதனை கட்டாயம். ரிசல்ட் எப்படி வந்தாலும் முடிவு அந்த இருவருடையதுதான்.

ஆரோக்கியமாக இருக்கும் சின்னப் பிள்ளைகள் கேரியரா என்று பார்க்க அவசரமில்லை. வளர்ந்த பிறகு அவர்களே முடிவு செய்யட்டும்.

டெஸ்டின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். பழுது எதுவும் தெரியவில்லை என்று ரிசல்ட் வரலாம். அதனால் பரம்பரை இல்லை என்று ஆகாது, இன்னும் கண்டுபிடிக்காத ஜீன்கள் இருக்கின்றன. அர்த்தம் நிச்சயமில்லாத ரிசல்ட்டும் வரும். பிறவிக் கண் புரை போன்றவற்றில் காரணம் பரம்பரையாகவே இல்லாமல், கர்ப்பத்தில் தாய்க்கு வந்த ருபெல்லா அம்மையாகவும் இருக்கலாம். ஆகவே டெஸ்டுக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்: எந்த நோய்க்காக எடுக்கிறோம்? யார் யாருக்கு ரத்தம் எடுக்க வேண்டும்? மொத்தச் செலவு எவ்வளவு? ரிசல்ட்டை எங்களுக்கு யார் விளக்குவார்கள்? மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் கண் மரபணுவுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

கத்ரை நம்புகிறவர்களுக்கு டெஸ்ட் எதற்கு என்பார்கள் சிலர். ஷாம் நாட்டுக்குப் புறப்பட்ட உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் என்ற செய்தி கேட்டு வழியிலேயே திரும்பினார்கள். அவர்களை விடவா நாம் கத்ரை நம்புகிறவர்கள்? செய்தி தெரிந்து அதன்படி நடப்பது தவக்குலுக்கு எதிரானது அல்ல. பிறந்த பிள்ளைக்கு எடுக்கும் டெஸ்ட் வேறு, வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு எடுக்கும் டெஸ்ட் வேறு. இரண்டாவதில் ஷரீஅத்தும் நாட்டின் சட்டமும் சேர்ந்து வருகின்றன. டெஸ்டுக்கு முன்பே ஆலிமிடமும் டாக்டரிடமும் கேளுங்கள். யாரும் உங்களை வற்புறுத்த முடியாது.

எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தாலும் அது குற்றமல்ல. பிள்ளையின் வைத்தியத்தையும் மற்றப் பிள்ளைகளின் கண் சோதனையையும் விடாமல் இருந்தால் போதும்.

கடைசியாக, நம் வீடுகளில் பெரிய பயம் ஒன்றுண்டு. "வெளியே தெரிந்தால் அக்காவுக்கு மாப்பிள்ளை கிடைக்காது." இந்தப் பயத்தில் பிள்ளையை வீட்டுக்குள் வைத்து வைத்தியத்தைத் தாமதிக்கிறார்கள். கண் பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முஅத்தினாக இருந்தார்கள். பார்வைக் குறை குடும்பத்துக்கு இழிவல்ல. ரிசல்ட் என்பது அமானிதம். அதைக் கல்யாண வீட்டுப் பேச்சாக்குவதுதான் இழிவு.

உதவி கேட்டு வருகிறவர்களிடம் மருத்துவரின் சீட்டையும் செலவு விவரத்தையும் மட்டுமே நாம் கேட்போம். ரிசல்ட்டைக் கேட்க மாட்டோம். டெஸ்ட் எடுக்காதவர்களுக்கும் சிகிச்சை உதவியில் குறை இருக்காது, இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளின் கண்களுக்கு அல்லாஹ் ஒளியையும் ஷிஃபாவையும் தருவானாக. ஆமீன்.