ஏரியும் விசையும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கதிரொளியால் இயங்கும் நீரிறைக்கும் பொறிகளை உறுப்பினர் வயல்களில் நிறுவுதற்குச் சங்க நிதியினின்றும் உதவல் வேண்டும் என்னும் தீர்மானம் இன்று அவைமுன் உள்ளது. அது குறித்துச் சில கூறுமாறு செயலாளர் எம்மைப் பணித்தனர். நிலக்கரிப் புகையால் உலகம் வெம்மையுறுவதும், மழை பருவந் தப்புவதும் யாவரும் அறிந்தன. ஆகவே கதிரொளி நன்றென்பதில் எமக்கு ஐயமில்லை. யாம் வினவுவது வேறு. நம் முன்னோர் பொறியே இன்றி எங்ஙனம் நெல் விளைத்தனர்?

ஏரி நீர் மதகின் வழியே இறங்கித் தானே வயலை அடைகின்றது. மேட்டினின்றும் பள்ளத்துக்குப் பாயும் இயல்பே அதற்கு விசை. கரியும் வேண்டா, கம்பியும் வேண்டா. மேலேரி நிரம்பிக் கலிங்கு வழிந்தால் அந்நீர் கீழேரிக்குச் செல்லும். தமிழ்நாட்டில் ஏரிகள் ஏறத்தாழ 39,000 உள. அவற்றுட் பல மண் மேவித் தூர்ந்தன. ஏரி தூர்ந்த ஊர்களிற் கிணறு ஆழ்ந்தது. கிணறு ஆழ ஆழ மின்விசையும் மிகுதியாக வேண்டுவதாயிற்று.

அவ்வேரிகளை யாவர் காத்தனர்? உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களைக் காண்க. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை அவை. ஏரி வாரியத்துக்கு அறுவர், குடவோலையால் தெரிவு, பதவி 360 நாள். வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவன் மட்டுமன்றி, அவனுடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர். இவ்விதியைச் சங்கங்கள் யாவும் சுவரில் எழுதி வைக்கலாம். (பொருளாளர் சினவார் என்று நம்புகின்றோம்.)

ஆயினும் கல்வெட்டை முழுதும் படித்தல் வேண்டும். நிலமும் மறைப் பயிற்சியும் உடையார்க்கே ஆங்கு இடம். நாற்று நட்டவளுக்கும் வரப்பு வெட்டியவனுக்கும் ஓலை இல்லை. குடிமராமத்தும் அத்தகையதே. அவ்வழக்கத்தை வலியுறுத்தி 1858-இல் சென்னை மாகாணத்துக்கெனச் சட்டமே இயற்றப்பட்டது. கூடை சுமந்தவர் யாவர், நிழலில் நின்று ஏவினவர் யாவர் என்பதை நம் இல்லத்து முதியோர் அறிவர். மதகைத் திறந்து வயல்தோறும் நீர் பகிர்ந்த நீர்க்கட்டி, பல ஊர்களில் தாழ்த்தப்பட்ட குடியினரே. ஆயக்கட்டில் தமக்கு நிலமின்மையின் ஓரஞ் சாரார் என்று ஊர் அவரை நம்பிற்று. களத்தில் நெல்லும் அளந்தது. எவ்வயல் முதலிற் காயும், எம்மடையை எப்பொழுது அடைத்தல் வேண்டும் என்பன அவர் கண்ணளவில் அறிந்தவை. முன்னோர் அறிவென்று நாம் போற்றுங்கால், அஃது எவர்தம் முன்னோருடையது என்பதையுஞ் சேர்த்துச் சொல்லுதல் முறை.

கதிரொளிப் பொறிக்கு ஒரு குறை உண்டு. ஞாயிறு கட்டணங் கேளாது. ஆதலின் பொறியை நிறுத்த எவர்க்கும் மனம் வாராது. ஆழ்துளை இட வல்லவன் வயல் நனையும். அண்டையிலுள்ள ஏழையின் கிணறு வற்றும். அரசு மானியம் வழங்கினும், எஞ்சிய தொகையைக் கட்ட வல்லவர்க்கே பொறி கிட்டும்.

ஆதலின் தீர்மானத்தைத் திருத்துமாறு வேண்டுகின்றோம். நிதியிற் பாதி நம் ஊர் ஏரியின் வரத்துக்காலைத் தூர் வாருதற்கு ஆகுக. அப்பணிக்குரிய குழுவில் நம் குலத்தார் மட்டும் இருத்தலாகாது. கடைமடை நிலத்தாரும், நீர்க்கட்டி மரபினரும், நடவு மகளிரும் இருத்தல் வேண்டும். கணக்கு மாதந்தோறும் அவர் முன்னிலையிற் படிக்கப்படுக.

மற்றொன்று. வரத்துக்காலை மறித்து நம்மவர் எழுப்பிய மதில் ஒன்று உண்டு. அதற்குரியவர் இவ்வவையில் முன்வரிசையிலேயே அமர்ந்துள்ளார். எமக்கு நெருங்கிய உறவினருமாவார். அவரே அதனை அகற்றித் தரின், வடகிழக்குப் பருவ மழைக்கு முன்னரே வேலையைத் தொடங்கலாம்.