படுகளமும் ஒன்பதரை மணியும்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் கல்வெட்டு, காப்பியம், அதியமான் என்று பேசுவதுதான் வழக்கம். சீரியலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் அமைப்பாளர் ஒருவர் கொஞ்சம் நெளிந்தார். நெளியட்டும். இரவு ஒன்பதரைக்கு தருமபுரியில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரே குரல் காதில் விழுந்த காலம் உண்டு. அந்தக் குரலுக்குரியவர் இறந்தபோது நம் வீடுகளில் என்ன நடந்தது என்பதே என் பொருள்.

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை காலை. 'எதிர்நீச்சல்' தொடருக்குச் சென்னையில் டப்பிங் பேசிக்கொண்டிருந்த மாரிமுத்து மாரடைப்பால் காலமானார். தேனி மாவட்டத்துக்காரர். 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' படங்களை இயக்கியவர். 'பரியேறும் பெருமாள்' நாயகியின் அப்பா. வீட்டுப் பெண்களுக்கு இதெல்லாம் பொருட்டில்லை. அவர்களுக்கு அவர் அந்தத் தொடரின் ஆதி குணசேகரன். தம்பி மனைவிகளை 'இந்தாம்மா ஏய்' என்று அதட்டியே வாயடைக்கிற ஆள்.

பென்னாகரம் பக்கத்தில் இருக்கும் என் பெரியம்மா, "இவனுக்கு ஒரு சாவு வரமாட்டேங்குதே" என்று முந்தின வாரம் வரை டிவியைப் பார்த்துக் கை நீட்டித் திட்டியவர். சேதி வந்தபோது களி கிண்டிக்கொண்டிருந்தார். துடுப்பைச் சட்டியிலேயே விட்டுவிட்டு, "என் வாய் முகூர்த்தமாடா?" என்றார். அடி பிடித்த வாடை வந்த பிறகும் எழவில்லை. சோதிடத்தைத் தொலைக்காட்சி விவாதத்திலேயே மறுத்துப் பேசியவர் மாரிமுத்து. தன் சாபம் பலித்துவிட்டதென்று ஒரு கிழவி கலங்கியதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

வில்லனை வெறுப்பது நமக்குப் புதிதல்ல. நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து முடிகிற நாளில், படுகளத்தில் களிமண்ணால் செய்த பெரிய துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பீமன் தொடையில் அடிப்பான், திரௌபதி கூந்தல் முடிவாள், கூட்டம் ஆர்ப்பரிக்கும். பிறகு அவன் மனைவி பெருந்திருவாள் வந்து ஒப்பாரி வைப்பாள். சற்றுமுன் கைதட்டிய அதே பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். திட்டியவளே அழுவதற்கும் கூத்தில் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். வேடம் கட்டியவர் அரிதாரத்தைக் கழுவிவிட்டு டீக்கடைக்கு வந்துவிடுவார். அங்கே சாவது வேடம், ஆள் பிழைத்துக்கொள்கிறார்.

தொலைக்காட்சியில் இது தலைகீழ். மாரிமுத்து போனார், குணசேகரன் சாகவில்லை. கொஞ்ச நாள் ஆளைக் காட்டாமல் கதையை ஓட்டினார்கள். அக்டோபரில் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அதே பெயரோடு அதே வீட்டுக்குள் வந்து நின்றார். அவர்மேல் எனக்கு வந்த எரிச்சலுக்கு ஒரு நியாயமும் கிடையாது. 'குற்றப் பரம்பரை' எழுதிய கை என்று தெரிந்தும் வந்தது. சில வாரங்களில் அந்த முகமும் பழகிவிட்டது. எரிச்சலைவிட, பழகியதுதான் உறுத்தியது.

ஆள் போன பின்னும் பாத்திரம் நிற்பது, 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தொடரில் முல்லையாக நடித்த சித்ராவின் சாவில் இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. 2020 டிசம்பர் 9 அன்று இறந்தபோது அவருக்கு 28 வயது. அவரது மரணம் பற்றி ஊரெல்லாம் வம்பு பேசிக்கொண்டிருந்தபோதே, முல்லை வேடத்துக்குக் காவ்யா அறிவுமணி வந்தார். பின்னர் லாவண்யா. ஒரே முல்லைக்கு மூன்று முகம். கதையில் கதிரின் மனைவி முல்லை இருக்கிறாள், சித்ரா இல்லை. யாருக்காக வருத்தப்படுவது என்று ரசிகர் திணறியதில் வியப்பென்ன? 'மெட்டி ஒலி' விஜியாக நடித்த உமா மகேஸ்வரிக்கு இப்படி நேரவில்லை. ஊரடங்கில் அந்தத் தொடரை மறுபடி பார்த்து முடித்த வீடுகளுக்கு, 2021 அக்டோபரில் அவர் இறந்த சேதி வந்தது. தொடர் எப்போதோ முடிந்துபோனதால் விஜி அவருடைய விஜியாகவே நின்றுவிட்டாள்.

நடிகர் போனால் பாத்திரத்தையும் கதையிலேயே சாகவிட்டு, ஒரு வாரம் ஒப்பாரி வைத்துவிட்டு மேலே போனால் என்ன? லைட்மேன் முதல் மேக்கப்மேன் வரை எத்தனையோ பேருக்கு அந்தத் தொடர்தான் சோறு என்பது தெரியும். இருந்தாலும் கேட்கத் தோன்றுகிறது. பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். 2024 டிசம்பரில் தொடங்கிய 'எதிர்நீச்சல் தொடர்கிறது' ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல் சொன்னார்: "குணசேகரன் செத்துட்டா, அப்புறம் நான் யாரைடா திட்டறது?"