காலும் கட்டையும்

(இண்டூரில் கூடிய நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மாதம் நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளை முன்னரே கேள்வியுற்ற நண்பர் சிலர், "புலவர் இலக்கியம் பேசுவார் என்றிருந்தோம், செருப்புத் தைக்கும் கட்டையைப் பேசப் போகிறாராமே!" என்று முகஞ்சுளித்தனர். அவர்தம் வருத்தம் நமக்கு விளங்காததன்று. தோலைத் தொட்டோம் என்பது பற்றியே ஊர்க்கோடியில் நிறுத்தப்பட்டவர் நம் முன்னோர். கல்வி கற்று, உத்தியோகம் பெற்று, அதனைவிட்டு அகன்று வந்த பின்னர் மறுபடியும் அதனை அவையிலே எடுத்து வைப்பானேன் என்பது அவர் கேள்வி. கேள்வி நியாயமானதே. பொருளை ஒருவாறு விளக்கிய பின் அதற்கு நம் கருத்தைக் கூறுவோம்.

இலக்கியமே வேண்டும் என்பார்க்கும் ஒன்று சொல்லி வைப்போம். சிலப்பதிகாரத்திலே இளங்கோவடிகள் புகார் நகரத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்துமிடத்துத் தோல் தைப்போரை விட்டாரில்லை. பெரும்பாணாற்றுப்படை செருப்பைத் 'தொடுதோல்' என்கிறது. அத்தொடுதோல் அழுத்தித் தழும்பேறிய ஆயனுடைய அடியையும் அதே நூல் நமக்குக் காட்டுகிறது. மாடு மேய்ப்பவன் காலைக் குனிந்து நோக்கி, அங்குள்ள வடுவைக் கண்டு பாடினார் அப்புலவர். செருப்பு காலுக்கு என்ன செய்கிறது என்னும் ஆராய்ச்சி தமிழுக்குப் புதியதன்று என்பது இதனாற் பெறப்படும்.

இனிக் கட்டை என்பது யாது? கடைத்தெருவிலே செருப்புத் தைப்பவர் எதிரில் மூன்று பாதங்களையுடைய இரும்பு ஒன்று கிடத்தலை யாவரும் கண்டிருப்பீர்கள். அதுவன்று நாம் கூறுவது. அது ஆணி அடிக்குங்கால் கீழே தாங்கி நிற்பது, அவ்வளவே. நாம் கூறுவது மரத்தினாற் செய்த கால் வடிவம். தொழிற்சாலையார் இதனை 'லாஸ்ட்' என வழங்குவர். நாம் இங்கே கட்டை என்றே சொல்லிச் செல்வோம்.

நம் நாட்டு வார்ச்செருப்புக்குக் கட்டை வேண்டியதில்லை. காலைத் தோலின்மேல் வைத்துச் சுற்றிக் கோடு கிழித்து, அக்கோட்டின்படி அடித்தோலை அறுத்து, வாரைக் காலின்மேலேயே வைத்துப் பார்த்துத் தைத்துவிடலாம். காலை முழுதும் மூடும் ஜோடு அங்ஙனமன்று. தட்டையான தோல், குதிங்காலில் வளைந்தும், நடுவில் ஒடுங்கியும், மேற்புறத்தில் உயர்ந்தும், விரலிடத்தில் அகன்றும் ஒரு கூடாக வேண்டும். உடையவர் நாட்கணக்காக எதிரே அமர்ந்திருப்பாரா? அவருடைய காலுக்குப் பதிலாக அமர்ந்திருப்பதே கட்டை. அடியட்டையைக் கட்டையின் கீழே சிற்றாணிகளால் பொருத்தி, மேல்தோலை அதன்மேற் போர்த்து, குறட்டினால் விளிம்பைப் பற்றி இழுத்து, சுருக்கம் விழாமல் மடித்து ஆணி தைத்துச் சில நாள் அப்படியே விட்டுவைத்தால், தோல் அவ்வடிவத்தை மறவாது பிடித்துக்கொள்ளும். பின்னர்க் கட்டையை உருவவேண்டும். ஒடுங்கிய வாயுள்ள ஜோட்டிலிருந்து முழுக்கட்டையை உருவுதல் அரிதாதலின், மேற்பகுதியைத் தனித் துண்டாகக் கழற்றும்படி அறுத்தோ, நடுவிலே கீல் வைத்து மடங்கும்படியோ அமைப்பர்.

காலும் கட்டையும் ஒன்றேபோல் இருக்குமெனக் கருதல் வேண்டா. கால் மிருதுவானது, நடக்கையில் நீண்டும் அகன்றும் குறுகியும் மாறுவது. கட்டை மாறாதது. ஆகவே, விரலுக்கு முன்னே நடையின்பொருட்டுச் சிறிது இடம் விட்டும், நுனியைச் சற்றே நிமிர்த்தியும், குதி உயரத்திற்கேற்பச் சாய்த்தும் கட்டையைச் செதுக்குவர். நீளம் ஒன்று தெரிந்தாற் போதாது; விரல்களின் அடிமூட்டைச் சுற்றிய அளவு, நடுப்பாதச் சுற்று, மேற்பாதச் சுற்று, குதியிலிருந்து மேற்பாதம் வரை சாய்வாகச் சுற்றிய அளவு ஆகிய இவையெல்லாம் வேண்டும்.

ஒவ்வொருவர் காலுக்கும் ஒவ்வொரு ஜோடிக் கட்டை செதுக்கிவைத்தல் செல்வர்க்கே இயலும். ஏனையோர்க்கு உள்ள கட்டையையே திருத்திக்கொண்டனர் கைத்தொழிலாளர். பெருவிரல் மூட்டுப் புடைத்த காலாயின் அவ்விடத்திலே தோல் துண்டு ஒன்றை ஓட்டி, ஓரத்தைச் சீவிச் சரிவாக்கினர். மேற்பாதம் உயர்ந்ததாயின் அங்கே ஓர் அடுக்கு ஏற்றினர். ஒடுங்கிய காலாயின் அரத்தினால் இழைத்துக் குறைத்தனர். திருகைச் சுழற்ற முன்பகுதி இரண்டாகப் பிளந்து அகலும் கட்டைகளும் பின்னர் வந்தன. சிலவற்றிலே துளைகள் இருக்கும். எவ்விடத்தில் காலிலே புடைப்பு உண்டோ அவ்விடத்துத் துளையில் ஒரு குமிழைச் செருகிக்கொள்ளலாம். அழுத்தும் ஜோட்டை அவ்விடத்தில் மட்டும் தளர்த்துவதற்கு இது மிகவும் பயன்படும். இரண்டு கால்களும் முற்றும் ஒத்திருப்பவர் அரியர் என்பதனை அறிந்தவன் கைத்தொழிலாளி. இத்திருத்தத்தையே நாம் தொழிலின் உயிர் என்கிறோம். தைப்பதைச் சில திங்களில் பழகலாம். காலைக் கண்ணால் அளந்து, கட்டையில் எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது என்று துணிவதற்கு அறிவும் ஆண்டுகள் பலவும் வேண்டும்.

மேனாட்டார் இவ்விஷயத்திலே எப்பொழுதும் முன்னின்றனர் எனக் கருதுவோர்க்கு ஒரு செய்தி. ஐரோப்பாவிலே பதினேழாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பெரும்பாலும் இடக்கால் வலக்கால் வேறுபாடின்றி நேரான கட்டையிலேயே ஜோடு செய்தனர். எக்காலில் வேண்டுமாயினும் மாட்டலாம், எக்காலுக்கும் பொருந்தாது! டச்சு உடற்கூற்றறிஞர் பேத்ரூஸ் காம்பர் என்பார் 1781-இல் நல்ல ஜோட்டின் வடிவம் எது என்று ஒரு நூலே எழுத நேர்ந்தது. 1819-இல் அமெரிக்கராகிய தாமஸ் பிளாஞ்சார்டு, ஒழுங்கற்ற வடிவங்களை ஒன்றைப் பார்த்து ஒன்றாகக் கடையும் எந்திரத்திற்கு உரிமை பெற்றார். துப்பாக்கிக் கட்டைக்கென எழுந்த அவ்வெந்திரம் ஜோட்டுக் கட்டைக்கும் உதவிற்று.

கட்டை பெருகியும், அதன்மேல் தோலை இழுத்துப் பூட்டும் வேலை கைவேலையாகவே நின்றது. வல்ல தொழிலாளி ஒருவன் நாளொன்றுக்கு ஐம்பது ஜோடி முடிப்பான். மனித விரல் செய்வதை எந்திரம் செய்யாது என்பதே அனைவர் நம்பிக்கையும். அதனைச் செய்வித்தவர் யான் மாட்செலிகர். 1852-இல் தென்னமெரிக்கச் சுரினாமிலே டச்சுத் தந்தைக்கும் கறுப்பினத் தாய்க்கும் பிறந்து, அமெரிக்காவில் லின் என்னும் நகரத்து ஜோட்டுத் தொழிற்சாலையில் கூலியாளாக இருந்தவர். பகலில் வேலை செய்து, இரவில் படம் வரைந்து மாதிரி அமைத்து, 1883-இல் தம் எந்திரத்திற்கு உரிமை பெற்றார். கைத்தொழிலாளி ஐம்பது செய்த நாளில் அது நூற்றைம்பது முதல் எழுநூறு ஜோடி வரை செய்தது. 1889-இல் முப்பத்தேழு நிரம்புமுன் அவர் காசநோயால் இறந்தார். நம் மாணவர் இப்பெயரை நினைவிற் கொள்ளுதல் நன்று.

எந்திரம் வந்தபின் முறை தலைகீழாயிற்று. காலுக்குத் தக்கபடி கட்டையைத் திருத்திய காலம் போய், கட்டைக்குத் தக்கபடி காலைத் திருத்தும் காலம் வந்தது. கடையிலே எண் கேட்கிறார்கள். அவ்வெண் எங்கிருந்து வந்தது? ஆங்கிலேயர் வாற்கோதுமை மணி ஒன்றின் நீளத்தை, அதாவது அங்குலத்தில் மூன்றிலொரு பங்கை, ஓர் எண்ணாகக் கொண்டனர்; நம்மவர் நெல்லைக் கொண்டு விரலளவு கண்டது போல்வதே இது. நான்கு அங்குலத்தில் தொடங்கிப் பதின்மூன்று வரை எண்ணி, மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணுவர். இவ்வாற்றால் பெரியவர் எட்டாம் எண்ணுக்குரிய கட்டை பதினோரங்குலம். இதிலே நீளமுண்டு, அகலம் எங்கே? கடைக்காரர் கேட்பதுமில்லை, நாம் சொல்வதுமில்லை.

நம் நாட்டினர் கால் எத்தகையது என்பதை அண்மையிலேதான் முறையாக அளந்தனர். சென்னை அடையாற்றில் 1948-இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை இந்தியாவின் 79 இடங்களில் 1,01,880 மக்களின் கால்களைக் கருவிகொண்டு அளந்தனர். ஐரோப்பியர், அமெரிக்கர் கால்களைவிட இந்தியர் கால் அகன்றது என்பது தெரியவந்தது. அகலம் போதாமையால் நம்மவர் தமக்குரியதைவிட நீண்ட ஜோட்டை வாங்கி, குதி தளரக் கயிற்றை இறுக்கிக் கட்டி நடக்கின்றனர். இக்குறை நீங்கும்பொருட்டு, பாரதம் என்னும் பெயரின் முதலெழுத்தால் 'ப' எனப் பெயரிட்டு, எட்டுப் பிரிவுகளுள்ள புதிய அளவுமுறை ஒன்றை வகுத்து வெளியிட்டனர். அளவு மாறின் கட்டையும் மாறவேண்டும்; புதிய கட்டை செய்ய அறிந்தவரும் வேண்டும். இதனை மறவாதிருங்கள்.

பிள்ளைகள் திறத்தில் ஒரு சொல். மணிப்பால் மருத்துவர் இருவர் நான்கு முதல் பதின்மூன்று வயது வரையுள்ள 2,300 சிறுவர் காலடிகளை ஆராய்ந்து 1992-இல் முடிவு வெளியிட்டனர். ஜோடு அணிந்த பிள்ளைகளிலே நூற்றுக்கு 8.6 பேருக்கும், வெறுங்காலினரில் 2.8 பேருக்கும் பாதம் தட்டையாயிருந்தது. விரலை முற்றும் மூடும் ஜோடு அணிந்தோரிடத்தே அது மிகுதி. வெறுங்காலே மேல் என்று நாம் கூறவில்லை. முள்ளும் கண்ணாடிச் சில்லும் உள்ள நம்மூர்ப் பாதையில் அங்ஙனம் கூறுவது கொடுமை. அளவறியாது மாட்டுவதையே குறை கூறுகிறோம். இரண்டாண்டு வரட்டும் என்று பெரிதாக வாங்கிப் பஞ்சு திணித்தலையும், சென்ற ஆண்டுச் சிறியதில் விரலை மடக்கித் திணித்தலையும் வகுப்பறையில் நாள்தோறும் காண்கிறோம்.

நீரிழிவுடையார்க்கு இது இன்னும் பெரிய செய்தி. உணர்ச்சி மங்கிய காலுக்கு, அழுத்தும் ஜோடு புண்ணாக்குவது தெரியாது. 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயாளர் காற்புண் பெரும்பாலும் வலியறியாமையால் ஏற்படும் காயமே என்று காட்டினார். பின்னர் அங்கும் கரிகிரியிலும் மெத்தென்ற நுண்ணறை இரப்பர் அடியிட்டு அவர்தம் காலுக்கு ஏற்ற செருப்புச் செய்தளித்தனர். மருத்துவர் கத்தியொடு செருப்புத் தைப்பவர் ஊசியும் சேர்ந்தே அக்கால்களைக் காத்தது.

இனி நண்பர் கேள்விக்கு வருவோம். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் தாழ்த்தப்பட்டோர் மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. ஆண்கள் குடை பிடித்தலும் செருப்பு அணிதலும் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. ஹட்டன் துரை இதனைத் தம் நூலிற் பதிந்து வைத்திருக்கிறார். ஊரார் காலுக்கெல்லாம் அளவெடுத்தவன் தன் காலில் அணிந்து தெருவில் நடத்தல் கூடாது! இதனை எண்ணுங்கால் இத்தொழிலின் பெயரையே கேளாதிருக்க விரும்பும் இளைஞர்மேல் நாம் சினங்கொள்ள மாட்டோம். தந்தை தைத்தான் ஆதலின் மகனும் தைக்கவேண்டும் என்று சொல்பவர் எவராயினும் அவரை நாம் எதிர்ப்போம். நம் பிள்ளைகள் மருத்துவராகுக, நீதிபதியாகுக.

எனினும் ஒன்று கேட்கிறோம். கட்டை திருத்தும் இவ்வறிவு தெருவோரத்தில் நம்மவர் கையில் இருந்தவரை இழிவு எனப்பட்டது. அதுவே கணிப்பொறித் திரையில் ஏறியவுடன் வடிவமைப்புக் கலை எனப் பெயர் பெற்று, அதற்குப் படிப்பும் பட்டயமும் சம்பளமும் உண்டாயின. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளுக்கு நம் பக்கத்துப் பிள்ளைகள் செல்கின்றனர். தைக்கும் வரிசையில் அமர்கின்றனர். கட்டையும் மாதிரியும் வகுக்கும் அறைக்குள் அமர்ந்த நம் பிள்ளை ஒருவரை நாம் இதுகாறும் கண்டிலோம். வெட்கம் தோலின்மேல் இல்லை. அவ்வறையின் வாயில் நமக்குத் தெரியாதிருப்பதிலேயே உளது. சென்னைக் கிண்டியில் 1957-இல் ஏற்பட்ட மத்தியக் காலணிப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே யார் வேண்டுமாயினும் பயிலலாம். யார் வேண்டுமாயினும் பயிலாதிருக்கலாம். விரும்பும் மாணவர்க்கு விண்ணப்பம் எழுதித் தரவும், வழிச்செலவுக்குச் சங்கத்தில் சொல்லி உதவி பெறவும் நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.

அடுத்த கூட்டத்திற்கு வருவோர் தத்தம் பிள்ளைகளையும் உடன் அழைத்து வருக. மாலை வேளையே அளவெடுக்க ஏற்றது. பகலெல்லாம் நடந்த கால் அப்பொழுது சற்று வீங்கியிருக்கும். நிற்கவைத்து இரண்டு காலையும் வரைந்து, பெரிய காலின் நீள அகலங்களைக் குறித்துத் தருவோம். தாளும் பென்சிலும் நாம் கொணர்வோம். நம் தெருப் பெரியவர்களிடம் பழங்கட்டைகள் எவையேனும் பரணில் கிடப்பின் அவற்றையும் எடுத்து வருக. அடுப்பில் இட்டுவிட வேண்டா.