கன்னுக்காக வளர்த்த மாடு: உம்பளச்சேரியும் 82 நாள் கணக்கும்

மாடுன்னாலே நமக்குப் பால் பாக்கெட்தான் ஞாபகம் வரும். இந்த எபிசோடு பால் பத்தி இல்ல, முதல்லயே சொல்லிடுறேன்.

ஆஸ்திரேலியா, அமெரிக்கா பக்கம் இறைச்சிக்காக மாடு வளர்க்கிறவங்க ஒரு பசுகிட்ட எதிர்பார்க்கிறது வருஷத்துக்கு ஒரு கன்னு, அவ்வளவுதான். பாலை கன்னு குடிச்சுக்கும். கன்னுதான் வருமானம். நம்ம காரைக்கால், நாகப்பட்டினம், திருவாரூர் கடைமடையில இருக்கிற உம்பளச்சேரி மாட்டுக்கும் ரொம்ப காலமா இதே கணக்குதான், என்ன, இறைச்சிக்குப் பதிலா உழவு. ரெண்டு லிட்டர் கறந்தாலே பெரிய விஷயம். ஆனா நெல்லு வயல் சேத்துல சளைக்காம உழுற காளையை ஈன்றது அதுதான். கன்னு பிறக்கும்போது செவலையா இருக்கும், மாசம் போகப் போக சாம்பலா மாறிடும். நெத்தியில வெள்ளைப் பொட்டு, காலுல சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ளை. காளைக் கன்னுக்குக் கொம்பைத் தீச்சுடுற வழக்கம் இருந்ததால 'மொட்டை மாடு'ன்னும் ஒரு பேரு.

இப்போ கணக்குக்கு வருவோம். பசுவோட சினைக்காலம் சுமார் 283 நாள். 365-ல கழிச்சா மிச்சம் 82. ஈன்ற 82 நாளுக்குள்ள மறுபடி சினை பிடிச்சாத்தான் வருஷத்துக்கு ஒரு கன்னு. அதுல ஒரு மாசத்துக்கு மேல கர்ப்பப்பை பழைய நிலைக்குத் திரும்பவே போயிடும். பருவம் வர்றது 21 நாளைக்கு ஒருமுறை. அப்போ கையில இருக்கிறது ஒண்ணோ ரெண்டோ வாய்ப்பு.

அதைத் தவற விடுறது ரொம்ப ஈஸி. பருவம் நிக்கிறதே 12-லேருந்து 18 மணி நேரம், நாட்டு மாட்டுல இன்னும் கம்மியாவும் இருக்கும். கத்தும், தீனி குறையும், கண்ணாடி மாதிரி சளி வடியும், இன்னொரு மாடு மேல ஏறினா நகராம நிக்கும். சில மாடு கத்தவே கத்தாது, அது ஊமைப் பருவம். காலைல பார்த்தா சாயங்காலம் ஊசி, சாயங்காலம் பார்த்தா மறுநாள் காலைல ஊசி. மந்தையில பொலிகாளை இருந்த வரைக்கும் இதையெல்லாம் அதுவே கண்டுபிடிச்சுக்கும். டிராக்டர் வந்துச்சு, காளைக் கன்னுக்கு விலை போச்சு, பொலிகாளையும் போச்சு. இப்போ அந்தக் கண்காணிப்பு மாட்டுக்காரங்க தலையில, பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில.

இன்னொண்ணு தீவனம். டெல்டால வைக்கோலுக்குப் பஞ்சமில்ல. வயிறு ரொம்பும், ஆனா அதுல புரதமும் பாஸ்பரஸும் ரொம்பக் கம்மி. விலா எலும்பு தெரியுற மாடு பருவத்துக்கே வராது. "ஊசி போட்டும் நிக்கல"ன்னு டாக்டரைத் திட்டுறதுக்கு முன்னாடி பச்சைத் தீவனமும் தாது உப்பும் போட்டோமான்னு பார்க்கணும்.

சரி, எந்த ஊசி? ஜெர்சி போட்டா முதல் தலைமுறையில உம்பளச்சேரி பாதி, அடுத்து கால், அதுக்கடுத்து எட்டுல ஒரு பங்கு. நம்ம பாஷையில சொன்னா எல்லாரும் ஃபோர்க் பண்ணிட்டாங்க, ஒரிஜினல் ரெப்போவை மெயின்டெயின் பண்ண ஆள் இல்ல. அதுக்காக ஜெர்சி போடுற விவசாயியைத் திட்டுறவங்களோட எனக்கு உடன்பாடு இல்ல. பால் காசுலதான் அந்த வீடு ஓடுது. சிட்டியில உட்கார்ந்து 'நாட்டு மாடு காப்போம்'னு ஸ்டேட்டஸ் போடுற நாம அவருக்கு என்ன கொடுத்தோம்?

திருத்துறைப்பூண்டி பக்கம் கொருக்கையில உம்பளச்சேரிக்குன்னே அரசுப் பண்ணை இருக்கு. விந்தை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன்ல வருஷக்கணக்கா வைக்கலாம். ஆனா ஒரே காளையோட விந்தை ஊர் முழுக்கப் போட்டா, சில வருஷத்துல அதோட மகளுக்கே அது வந்து சேரும். அப்பா-மகள் சேர்ந்த கன்னுக்கு உள்ளினக் கலப்பு 25 சதவீதம். அதனால அடி வாங்குற முதல் விஷயங்கள்ல ஒண்ணு சினை பிடிக்கிற திறன்.

இப்போ பாலினம் பிரிச்ச விந்து வந்திருக்கு. கிட்டத்தட்ட 90 சதவீதம் கிடாரிதான் பிறக்கும். பால் பண்ணைக்கு வரம். உழவுக்காக உருவான ஒரு இனத்துக்குக் கிடாரி மட்டும் பிறந்துகிட்டே இருந்தா, அடுத்த பொலிகாளை எங்கேருந்து வரும்?

திருநள்ளாறு, நெடுங்காடு பக்கம் சொந்தக்காரங்க மாடு வச்சிருந்தா ஒரு விஷயம் சொல்லுங்க. விந்துக் குச்சியில காளை நம்பர் அச்சடிச்சிருக்கும். ஊசி போட்ட தேதியோட அதையும் சுவர் காலண்டர்ல எழுதி வைக்கச் சொல்லுங்க. 21-வது நாள் மாட்டைப் பார்க்கவும் அதே காலண்டர்தான்.