மோட்டார் சைக்கிளின் மூச்சு

பால்வெட்டுக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட, அவசரத்திற்கு மருத்துவமனைக்கு ஓட, தோட்டத்து வீடுகள் பலவற்றில் இருப்பது ஒரே ஒரு 'கப்சாய்' மோட்டார் சைக்கிள்தான். பினாங்குக்கும் இவ்வண்டிக்கும் பழைய உறவு உண்டு. சிறுவயதில் சீனாவிலிருந்து பினாங்குக்கு வந்து மெக்கானிக்காக உழைத்த லோ பூன் சியூ, 1958இல் ஹோண்டா மோட்டார் சைக்கிள்களை இந்நாட்டில் விற்கும் உரிமையைப் பெற்றார்.

இந்த வண்டியின் காற்றுப் பெட்டியில் துளை போட்டால் வேகம் கூடும் என்று நம் பிள்ளைகள் சிலர் நம்புகிறார்கள். வடிகட்டியையே கழற்றி எறிபவர்களும் உண்டு. இது சரிதானா என்று இன்று பார்ப்போம்.

அடுப்பு எரியக் காற்று வேண்டும், இயந்திரத்துக்கும் அப்படியே. ஒரு லிட்டர் பெட்ரோல் நன்றாக எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று தேவை. காற்றுப் பெட்டிக்குத் தக்கபடிதான் கார்புரேட்டரின் 'ஜெட்' துளையை அளந்து வைத்திருக்கிறார்கள். பெட்டியைத் திறந்துவிட்டால் காற்று மிகும். பெட்ரோல் அதற்கு ஈடாகாது. இயந்திரம் சூடேறும், இழுவை குறையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: முனை இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி, வெளுத்திருந்தால் காற்று அதிகம், கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம்.

அப்படியானால் வேகம் கூடியது போல் தோன்றுவது ஏன்? காற்றை உறிஞ்சும் ஓசையை அடக்குவதும் அந்தப் பெட்டியின் வேலை. துளை போட்டதும் ஓசை வெளியே வருகிறது. கூடியது சத்தம், பலமன்று. பந்தய வண்டிக்காரர்கள் காற்று வழியை மட்டும் மாற்றி நிறுத்துவதில்லை. ஜெட், புகைக்குழாய் முதலியவற்றையும் அதற்கேற்ப மாற்றுகிறார்கள்.

இதைவிடப் பெரிய கேடு தூசி. தோட்டத்துச் செம்மண் பாதையில் வடிகட்டியின்றி ஓடினால், மண் எண்ணெயோடு கலந்து உப்புத்தாள்போல் சிலிண்டரைத் தேய்க்கும். நீலப்புகை வரும். பிறகு சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட வேண்டும். அந்தச் செலவு வீட்டுச் சாமான் வாங்கும் பணத்திலிருந்துதான் போகும்.

வண்டி இழுக்கவில்லையானால் முதலில் வடிகட்டியைப் பாருங்கள். அடைத்துப் போன வடிகட்டி பெட்ரோலை வீணாக்கும். நுரைப்பஞ்சு வகையைச் சவர்க்கார நீரில் அலசி, நிழலில் நன்கு உலர்த்தி, சிறிது எண்ணெய் தடவிப் பிழிந்து மாட்டலாம். பெட்ரோலில் கழுவ வேண்டாம், தீப்பிடிக்கும். காகித வகையைக் கழுவவே கூடாது. அழுக்கேறினால் புதியதை மாட்டுங்கள். புழுதிப் பாதையில் ஓடும் வண்டிக்கு இதை அடிக்கடி செய்ய வேண்டும்.

ஏற்கெனவே துளை போட்டிருந்தால் பிள்ளையைத் திட்டாமல், இந்தக் காரணங்களை எடுத்துச் சொல்லி, பழைய பெட்டியைத் திரும்ப மாட்டச் செய்யுங்கள். வண்டி ஒழுங்காக மூச்சு விட்டால்தான் மறுநாள் காலை குடும்பமும் நேரத்துக்கு வேலைக்குப் போக முடியும்.